இடது கையில் கேட்காத ரிசீவர்

தேவா, இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. நீளமாகத்தான் இருக்கும். உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியோடு உன் தமிழ்ப் படிப்பு முடிந்துவிட்டது. நம் கோயில் உபதேசியார் கொண்டுவந்து கொடுத்த உன் கடிதம் பர்மியில் இருந்தது, ஒரே பக்கம். நானும் பர்மியிலேயே பதில் எழுதியிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். அதனால்தான் எழுதவில்லை. முப்பது வருஷம் கப்பல் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்து பர்மியில் பேசியே பிழைத்தவள் நான். "ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்", "ஐயா இப்போதுதான் வெளியே போனார்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அந்த ஐயா என் எதிரிலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பாஷையில் எனக்குப் பொய் சரளமாக வரும். தமிழில் நான் செய்வது இரண்டே காரியம், ஜெபம் பண்ணுவதும் திட்டுவதும்.

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே நாலு தரம் படித்தேன். இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை நீயும் தந்தாவும் குழந்தையும் சிங்கப்பூர் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று எழுதியிருந்தாய். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழையில் கீழே நின்று, நம் வீட்டுப் பட்டனை அழுத்தி, "அம்மா, நான் தேவா" என்று சொன்னாயாம். பதிலுக்கு நான், "போ, இனிமே இங்க வந்து நிக்காதே" என்றேனாம். "வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் தமிழில் சொன்னீர்கள். இந்தக் கட்டிடத்தில் தமிழில் போகச் சொல்ல உங்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். சொன்னது நிஜம். ஒரு எழுத்துகூட மாறாமல் அதைத்தான் சொன்னேன். ஆனால் நீ வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டும் எப்படி நிஜமாக இருக்க முடியும் என்று அன்று முழுவதும் யோசித்தும் எனக்குப் புரியவில்லை.

நீ இங்கே கடைசியாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த இன்டர்காம் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, உனக்கு இதைப்பற்றித் தெரியாது. கீழே தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போன பிறகு கட்டிடத்துக்காரர்கள் கூடிப் பேசி, கேட்டுக்குப் பூட்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரிசீவரும் வைத்தார்கள். கீழே பட்டனை அழுத்தினால் மேலே மணி அடிக்கும். எடுத்து யாரென்று கேட்டு, தெரிந்த குரலாக இருந்தால் மட்டும் பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கவேண்டும். குரல் கேட்காமல் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டதே நான்தான். முன்னாள் ஆபரேட்டர் அல்லவா, கூட்டத்தில் எனக்குத்தான் வாய் நீளம். அதோடு நின்றேனா? பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குமே மணி கட்டின கயிறு, கீழே நிற்பவர்கள் இழுத்துக் கூப்பிட, பேப்பரும் ரொட்டியும் கிளிப்பில் மாட்டி ஏற்ற, அதையும் "இனிமேல் எதற்கு இந்தப் பட்டிக்காட்டு வேலை" என்று சுருட்டி உள்ளே வைத்தேன். அது தொங்கிக்கொண்டிருந்தால் நீ அன்று இரண்டு இழுப்பு இழுத்திருப்பாய், நான் பால்கனியில் வந்து எட்டிப் பார்த்திருப்பேன்.

நீ வருவதற்கு முன்னால் மூன்று நாலு நாளாகவே மணி அடிக்கும், எடுத்தால் சத்தமே இருக்காது. "பெதூலே, பெதூலே", யார் யாரென்று இரண்டு தரம் கேட்பேன், பதில் வராது, வைத்துவிடுவேன். எங்கள் ஆபீசில் வழக்கம் அது. இரண்டு தரம் கேட்டும் பதில் இல்லையென்றால் லைனைப் பிடுங்கிவிடவேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். தெருவில் போகிறவர்கள் யாரோ விளையாட்டுக்கு அழுத்திவிட்டு ஓடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கருவாடு வறுத்துக்கொண்டிருந்தபோது ஐந்தாவது தரமாக மணி அடித்ததும் எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தால் தமிழ்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். மார்க்கெட்டில் மீன்காரியிடம், பஸ்ஸில் காலை மிதிக்கிறவனிடம், ஆபீசில் மேனேஜர் முதுகைத் திருப்பியதும், எல்லோரையும் தமிழில்தான் திட்டுவேன். அவர்களுக்குப் புரியாது, என் மனசும் ஆறும், சண்டையும் வராது. சின்ன வயதில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மெதுவா, யாராவது நம்மாளு இருக்கப் போறாங்க" என்பாய். அன்றைக்கு மட்டும் நம்மாள் இருந்திருக்கிறான்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் நான் செய்த முதல் காரியம், கடைத்தெருவுக்குப் போய்ப் புது ரிசீவர் ஒன்று வாங்கிவந்ததுதான். முழங்கால் வலியில் நாலு மாடி இறங்கி ஏறினேன். எனக்கு அப்போது இருந்த எண்ணம் ஒன்றே ஒன்று. பழையது கெட்டுப்போயிருக்கிறது, புதியதை மாட்டி, பழையதை ஒரு பையில் போட்டு உனக்கே அனுப்பிவிடுவேன், நீயே பார்த்துக்கொள் என்று. முப்பது வருஷம் நூறு ஒயர் போர்டைக் கட்டி மேய்த்தவளுக்கு இந்த ஐந்து ஒயர் எந்த மூலைக்கு என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு நானே கழற்றினேன். பழையதில் ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டிருந்தது. புதியது வேறு கம்பெனி, அதில் சீன எழுத்து. சரி, வரிசைப்படி மாட்டுவோம் என்று மாட்டினேன். அப்புறம் நடந்ததைக் கேள். நான் ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் கீழே கேட் தானாகத் திறந்துகொண்டது. வைத்தால் மணி விடாமல் அடித்தது. இரண்டாம் மாடி டோ கின் அம்மாள் படியில் நின்று, யார் வீட்டில் பேய் புகுந்தது என்று கத்த ஆரம்பித்துவிட்டார். நடுவில் கரண்ட் போய், எல்லோருக்கும் நிம்மதி கிடைத்தது.

கரண்ட் திரும்பி வந்த பிறகுதான் கோ மியோவைக் கூப்பிட்டேன். நம் பசுந்தாங் மார்க்கெட் பக்கம் மின்சார வேலை செய்கிறவர். அப்பா நம்மாள், அம்மா பர்மாக்காரி. தமிழ் நன்றாகப் புரியும், பேச வந்தால் பாதி பர்மி, ஆன்ட்டி என்பதுகூட அவர் வாயில் அந்தீதான். நான் மாட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. புதியதில் எந்த ஒயர் எதற்கு என்று தெரியவேண்டுமானால் முதலில் பழையதை மாட்டிப் பார்க்கவேண்டும் என்றார். மாட்டினார். எதிர் டீக்கடைக்காரரைக் கேட்டில் நின்று பேசச் சொல்லிவிட்டு, ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார்.

"கௌன்டே அந்தீ, நல்லாத்தான் இருக்கு பழசு. டீக்கடைக்காரர் இருமுறதுகூடக் கேக்குது."

நான் வாங்கி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. செத்த லைன். திருப்பிக் கொடுத்தேன், அவருக்குக் கேட்டது. மறுபடி வாங்கினேன், கேட்கவில்லை. கோ மியோ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அந்தீ, கோவிச்சுக்காதீங்க. காதை ஒருதரம் டாக்டர்கிட்டக் காட்டுறது நல்லது." எனக்கு வந்த கோபத்தில் அவரையும் தமிழில் திட்டியிருப்பேன், அவருக்குப் புரியும் என்பதால் விழுங்கிக்கொண்டேன். அடுத்த அறையில் ரேடியோவை முணுமுணுப்பாக வைக்கச் சொல்லி, செய்தியை வரி வரியாகச் சொல்லிக் காட்டினேன். காது சரியாக இருந்தது. ரிசீவரும் சரியாக இருந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம் தேவா? நீ சொன்னது எனக்குக் கேட்டிருக்கிறது, கேட்டும் நான் போகச் சொல்லியிருக்கிறேன், அதை நானே மறைத்துக்கொண்டேன் என்றுதானே அர்த்தம்? அந்த அரை மணி நேரம் நான் அப்படித்தான் நம்பினேன். எனக்கு என்மேலேயே பயமாக இருந்தது. அறுபத்து நாலு வயதில் புத்தி இப்படியும் போகுமா என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோ மியோ எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கீழே கேட்டில் நின்றுகொண்டு, "அந்தீ, நீங்க பேசுறது இங்க கேக்குதான்னு பாக்கிறேன், ஏதாவது பேசுங்க" என்று தெருவிலிருந்து கத்தினார். எனக்கு என்ன பேசுவது என்று தோன்றவில்லை. உனக்குச் சொன்னதையே சொன்னேன். அதே குரலில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆளையே காணோம். மூச்சு வாங்க மேலே வந்து, வாசலிலேயே நின்றார். "என்ன அந்தீ, வேலைக்குக் கூப்பிட்டுட்டுப் போன்னு சொல்றீங்க. விளையாட்டுன்னு தெரியுது. தெரிஞ்சும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அங்க தனியா நின்னு கேட்டா ரொம்பக் கஷ்டமா இருக்குது." அவரிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், வெட்கப்படவில்லை. கேட்டுவிட்டு அவர் ரொம்ப நேரம் ரிசீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தீ, இப்ப எந்தக் கையில பிடிச்சீங்க?" என்றார்.

இடது கையில்தான். வேறெந்தக் கையில் பிடிப்பேன்? ஆபரேட்டர் வலது கையால் ஒயர் மாட்டவேண்டும், பேர் எழுதவேண்டும், கரண்டி பிடித்திருந்தால் கருவாட்டைப் புரட்டவேண்டும். இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தால் அந்தச் சுருள் ஒயர் பெட்டியின் மூலையில் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கில் உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. நாம் பேசுவது கீழே போகும், கீழேயிருந்து பேசுவது மேலே வராது. வலது கையில் பிடித்தால் ஒயர் நேராகி, கம்பியின் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்கிறது, எல்லாம் கேட்கிறது. கோ மியோ அதை விரலால் நெளித்துக் காட்டினார், டீக்கடைக்காரர் குரல் வருவதும் போவதுமாக இருந்தது. ஊரில் எல்லோர் கையிலும் பேசும் ரிசீவர், என் கையில் மட்டும் ஊமை. அவர் பத்து நிமிஷத்தில் புதியதைச் சரியாக மாட்டிவிட்டு, "மகன்கிட்ட நானே வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அப்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? காகிதத்தை எடுத்து, பேனாவை எடுத்து, "தேவா, அன்றைக்கு லைன் சரியில்லை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். இதே வார்த்தையை நான் உன்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். நீ இதைப் படித்ததும் என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் அதைத்தான் நினைப்பேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். மொகிங்கா வாங்கி வைத்துச் சாப்பிடாமல் கொட்டினேன். கையில் உண்மையை வைத்துக்கொண்டு, அதைச் சொல்ல வாய் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியவே வேண்டாம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது உனக்கும் தந்தாவுக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவள் அப்பாவுக்கு உன்மேல் கோபம். நம் வீட்டில் போன் கிடையாது, உனக்கு ஏதாவது அவசரமென்றால் எல்லோரும் என் ஆபீசுக்குத்தான் போன் பண்ணுவார்கள். ஒரு நாள் மத்தியானம் அவள் ஊர் இன்சீனில், ரோட்டோரம் மேஜை போட்டு வைத்திருப்பார்களே, அந்தப் போனிலிருந்து தந்தா என் போர்டுக்குக் கூப்பிட்டாள். தன் அப்பாவைப் பற்றி உனக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும் என்றாள். நான், "ஹலோ, ஹலோ, லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லி ஒயரைப் பிடுங்கினேன். மறுநாள் விடியற்காலை அவள் அப்பா இறந்துபோனார். நீ போகவில்லை. உனக்குத் தெரியாது. தெரிந்து நீ வந்து கேட்டபோது, ஏதோ ஒரு கால் வந்தது, இரைச்சலாக இருந்தது என்றேன். தந்தா என்னைக் குற்றம் சொல்லவில்லை. "என் பக்கம் நல்லாக் கேட்டது, அந்தீ பக்கம் எப்படி இருந்ததோ தெரியாது" என்று சொன்னாளாம். நீ என்னை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டு இன்சீனுக்குப் போனாய், கிறிஸ்துமஸுக்குத் தனியாக வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனாய். குழந்தை பிறந்த வருஷம் வந்து, இப்போதாவது சொல்லுங்கள் என்று கேட்டாய். நான் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, கேட்கவில்லை என்றேன். நீ கேட்டதும் பர்மியில், நான் சத்தியம் பண்ணினதும் பர்மியில். அதற்குப் பிறகு நீ வரவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் புத்தசமயம் என்பதால் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். அது இல்லை, உன் அப்பா உயிரோடு இருந்தபோது நம் வீட்டில் பாதிச் சிநேகிதர்கள் அவர்கள்தான். நீ போய்விட்டால் இந்த வீட்டில் நான் தமிழ் பேச ஆள் இருக்காது என்று பயந்தேன் என்றும் நினைத்தேன். அதுவும் முழுதாகச் சரியில்லை. அன்றைக்குப் போர்டில் நாலு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மேனேஜர் அலோன் துறைமுகத்துக்கு லைன் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார், கை பழக்கத்தில் போய்விட்டது. பிடுங்கின பிறகு மறுபடி மாட்டியிருக்கலாம், மாலையில் வீட்டுக்கு வந்தாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ சாப்பிட உட்கார்ந்தாய், இரண்டு தரம் வாயைத் திறந்தேன், மீன் குழம்பு போடட்டுமா என்று கேட்டேன். அப்புறம் கேட்கவில்லை கேட்கவில்லை என்று சொல்லிச் சொல்லி, நிஜமாகவே இரைச்சல் இருந்ததோ என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும். ஒரு பொய்யை ரொம்ப நாள் வைத்திருந்தால் இப்படி ஆகிவிடும் தேவா. உன் மகளுக்கு நீ ஏதாவது சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் இதைச் சொல்லிக்கொடு. இன்னொன்றும் சொல். கேட்கவில்லையென்றால் ரிசீவரை வைத்துவிடாதே, படியிறங்கிப் போய் யாரென்று பார் என்று சொல்.

நீ அடுத்த வாரம் வியாழக்கிழமை போகிறாய். அதற்கு முன்னால், வருகிற ஞாயிறு கோயில் முடிந்ததும் நான் ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் ஏறி இன்சீன் வருகிறேன். நீ என்னைக் கூட்டிப்போக வரவேண்டாம், மெதுவாக நடந்து வந்துவிடுவேன். வாசலில் நிற்பேன். உள்ளே வரச் சொல்வதும் போகச் சொல்வதும் தந்தா இஷ்டம், நீ குறுக்கே பேசாதே. செவ்வாய்க்கிழமை விஷயத்தில் நீ என்னை நம்பவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதத் தெரியவில்லை. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை ராசா, கேட்டிருந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். ஆனால் அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? நம்பாமல் போனாலும் போ. நல்லபடியாகப் போய், நல்லபடியாக இருங்கள். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொள்வார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் வருவதற்குள் ஒரு காரியம் செய். தந்தாவை உட்காரவைத்து, இனி எழுதுவதை மட்டும் பர்மியில் அவளுக்குப் படித்துச் சொல். எனக்காக எதையும் குறைத்துச் சொல்லாதே. அன்றைக்கு அவள் சொன்னது இதுதான்: "அந்தீ, நான் தந்தா. தேவாகிட்டச் சொல்லுங்க, அப்பாவுக்கு ரொம்ப முடியல. அந்தப் பையனைக் கூட்டிட்டு வா, எனக்கு அவன்மேல கோபம் இல்லன்னு சொல்றாரு. இன்னைக்கே வரச் சொல்லுங்க அந்தீ. எந்த ரயில்னு தெரியாது, நான் ஸ்டேஷன்லயே நிக்கிறேன்." இரைச்சலே இல்லை தேவா. எல்லாம் கேட்டது.